விமானிப் பயிற்சிக்குப் பணம்: எந்த வழியில் யார் தலையில் பாரம்?

விமானிப் பயிற்சிச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். எந்தப் பள்ளி மலிவு, எந்த வங்கியில் வட்டி குறைவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் முதலில் கேட்பது வேறு: பாதியில் தடைப்பட்டால் நஷ்டம் யாருக்கு? பள்ளி மூடப்படலாம். மருத்துவத் தகுதி பறிபோகலாம். உரிமம் கைக்கு வரும் நேரம் பார்த்து விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவிடலாம். மூன்றும் நடந்திருக்கின்றன, இனியும் நடக்கும். சொந்தப் பணம், கடன், நிறுவன ஆதரவு, விமானப்படை என்று எந்த வழியில் போனாலும் இந்த மூன்று பாரத்தையும் யாரோ ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். யார் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

எந்த வழிக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. வணிக விமானிக்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கைக்கு வரும்வரை பள்ளிக்கு ஒரு காசும் கட்டக் கூடாது. நிறக்குருடு, இதயத் துடிப்பில் கோளாறு, வலிப்பு நோயின் வரலாறு போன்றவை முதல் பரிசோதனையில்தான் பலருக்குத் தெரியவருகின்றன. சேர்க்கைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மருத்துவப் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பள்ளியின் வாசலை மறுபடி மிதிக்கத் தேவையில்லை.

கைக்காசும் கடனும்

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி. அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் படித்தால் இவை 35 ஆகவும் 150 ஆகவும் குறையும். இந்தப் பாதையை ஒரே மூச்சில் கடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தனியார் உரிமம், மணி சேர்த்தல், கருத்தியல் தேர்வுகள், வணிக உரிமம், கருவிவழிப் பறத்தல் தகுதி (வெளியே பார்வை எட்டாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கானது) என்று கட்டம் கட்டமாகவும் போகலாம். வேலை பார்த்துக்கொண்டே, பறந்த மணிக்கு மட்டும் பணம் கட்டிப் படிக்கிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள்.

நஷ்டக் கணக்கில் இதற்கு ஈடான வழி கிடையாது. பள்ளி நாளையே மூடினாலும் போவது அடுத்த பாடத்துக்கான முன்பணம் மட்டும்தான். பறந்த மணிகள் லாக்புக்கில் பத்திரமாக இருக்கும், வேறு பள்ளியில் தொடரலாம். தனியார் உரிமம் வாங்கிய பிறகு இந்தத் தொழில் தனக்கு ஒத்துவராது என்று தெரிந்தாலும் கடனில்லாமல் விலகலாம்.

ஆனால் மெதுவாகப் போவதற்கும் ஒரு விலை இருக்கிறது. சம்பளம் வந்த வாரத்தில் ஒருமுறை பறந்துவிட்டு அடுத்த மாதம் வரும் மாணவர், போன பாடத்தைத் திரும்பப் படிக்கவே பாதி நேரத்தைச் செலவிடுகிறார். மணிக் கட்டணமோ புதுப் பாடத்துக்கும் பழைய பாடத்துக்கும் ஒன்றுதான். தேர்வுகளுக்கும் காலக்கெடு உண்டு. அமெரிக்காவில் எழுத்துத் தேர்வின் தேர்ச்சி 24 மாதங்களுக்குத்தான் செல்லும். ஐரோப்பிய விதிகளில் வணிக உரிமத்துக்கான கருத்தியல் தேர்ச்சி 36 மாதங்கள் செல்லும். அதற்குள் உரிமம் பெறாவிட்டால் தேர்வுகளை மறுபடி எழுத வேண்டும். ஆகவே மாதாமாதம் கொஞ்சம் பறப்பதைவிட, ஒரு கட்டத்துக்கு வேண்டிய முழுத் தொகையையும் சேர்த்துவைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பறந்து அந்தக் கட்டத்தை முடிப்பதுதான் உண்மையில் மலிவு.

கடன் இதற்கு நேரெதிர். வேகம் தரும், தொடர்ச்சி தரும். பதினெட்டு மாதங்களில் முழுப் பயிற்சியையும் முடித்துவிடலாம். சீக்கிரம் வேலைக்குச் சேர்ந்தால் பணிமூப்பும் சீக்கிரம் தொடங்குகிறது. பணிமூப்பை வைத்தே சம்பளமும் கேப்டன் பதவியும் அமையும் தொழிலில் இது சிறிய லாபம் இல்லை. கடனே வாங்காதே என்று பெரியவர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அசல் 100 என்று வைத்துக்கொள்வோம், ஆண்டு வட்டி 12 சதவீதம். பயிற்சி 18 மாதம், அதன்பின் வேலைக்காக ஓராண்டு காத்திருப்பு. இந்த 30 மாதமும் தவணை கட்டவில்லை என்றால், மாதாமாதம் சேரும் வட்டியோடு கடன் ஏறத்தாழ 135 ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைத்தால் மொத்தம் கட்டுவது சுமார் 232. காத்திருப்பு மூன்று ஆண்டுகளாக நீண்டால் கடன் 171-க்கு ஏறும், மொத்தம் கட்டுவது 295-ஐ நெருங்கும். வட்டியில் அரை சதவீதம் குறைக்க வங்கி வங்கியாக ஏறி இறங்குகிறோம். கடனைப் பெருக்குவதோ வேலை கிடைக்கும் வரையிலான காலம். பயிற்சியின்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவர முடிந்தால் இந்தப் பெருக்கம் பெருமளவு அடங்கும்.

பிணையைப் பற்றியும் பேசவேண்டும். இவ்வளவு பெரிய கடனுக்குப் பெரும்பாலும் பெற்றோரின் வீடு ஈடாகிறது, அல்லது அவர்கள் கையெழுத்து உத்தரவாதமாகிறது. விமானத்தில் ஏறாத இருவர் முழுச் சுமையையும் ஏற்கிறார்கள். மாணவருக்கு விபத்தோ நோயோ நேர்ந்தால் கடனை அடைக்கும் காப்பீடு இல்லாமல் அந்தப் பத்திரத்தில் அவர்களைக் கையெழுத்திடச் சொல்வது நியாயமில்லை.

கடன் பணம் எப்படிப் பள்ளிக்குப் போகிறது என்பது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம் 2008 பிப்ரவரியில் திடீரென மூடப்பட்டுத் திவாலானபோது, கடன் வாங்கி முன்கூட்டியே கட்டணம் கட்டியிருந்த பல மாணவர்களுக்கு உரிமமும் இல்லை, பணமும் இல்லை, கடன் மட்டும் மிஞ்சியது. பிரிட்டனில் பழம்பெரும் பயிற்சிப் பள்ளியான கேப்ஏர் 2012-லும், டேசைட் ஏவியேஷன் என்ற பள்ளி 2023-லும் மூடப்பட்டன. முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டுப் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொல்லும் பள்ளி, உண்மையில் உங்களிடம் பிணையில்லாக் கடன் வாங்குகிறது. கட்டம் முடிய முடிய வங்கி பணம் விடுவிக்கும் கடனாக இருந்தால், வட்டி சற்றுக் கூடுதலானாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

விமான நிறுவனம் பணம் போட்டால்

எல்லோரும் கனவு காணும் வழி இது. ஆனால் ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, நிறுவனமே முழுச் செலவையும் ஏற்பது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-இல் தொடங்கிய ஸ்பீட்பேர்ட் பைலட் அகாடமி அந்த வகை. பள்ளி மூடினாலும் சந்தை சரிந்தாலும் நஷ்டத்தின் பெரும்பகுதி நிறுவனத்தைச் சேரும். வேலையில் சேர்ந்தபின் சில ஆண்டுகள் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம் இருப்பது இயல்பு. இடம் கிடைத்தால் மற்ற வழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. விண்ணப்பிப்போர் கூட்டமோ இடங்களைவிடப் பல மடங்கு; இதை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது.

இரண்டாவது, நிறுவனம் இப்போது கட்டி, பின்னர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. இதுவும் கடன்தான், ஆனால் வேலை தருபவரே கடன் கொடுத்தவராகவும் இருப்பதால் வேலைக்கும் தவணைக்கும் முடிச்சு இருக்கிறது. வேலை கிடைக்காவிட்டால் கடன் என்னாகும் என்று ஒப்பந்தத்தில் எந்த வரி சொல்கிறது? அந்த வரி இல்லையென்றால் வங்கிக் கடனைவிட இது மேல் என்று சொல்லக் காரணமில்லை.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பள்ளியின் விளம்பரத்தில் நிறுவனத்தின் சின்னம் இருக்கும், மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் நிறுவனமே, ஆனால் பணம் முழுவதும் மாணவருடையது. வேலை பற்றி ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்ற தொடர் மட்டும் இருக்கும். 2006-இல் பன்னாட்டு விதிகளில் நுழைந்த எம்.பி.எல். என்னும் உரிமத்தில் (ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானங்களுக்கானது) இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. அதன் 240 மணிப் பயிற்சியில் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கிறது, பாடமும் குறிப்பிட்ட நிறுவனத்தின் நடைமுறைக்கு ஏற்ப வடிவமைக்கப்படுகிறது. நிறுவனம் விலகினால் வேறெங்கும் எளிதில் செல்லுபடியாகாத பாதிப் பயிற்சிதான் கையில் இருக்கும். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் ஈஸிஜெட் விமான நிறுவனம் தன் எம்.பி.எல். திட்டத்தைக் கைவிட்டபோது, ஏற்கெனவே பெருங்கடனில் இருந்த பயிற்சி விமானிகள் வழக்கமான உரிமப் பாதைக்கு மாற வேண்டியதாயிற்று. சொந்தக் காசு போடுவதானால் எந்த நிறுவனத்திலும் செல்லும் வழக்கமான வணிக உரிமமே மேல். எம்.பி.எல். நிறுவனத்தின் காசில் மட்டும்.

சீருடை

விமானப்படையில் பயிற்சி இலவசம், சம்பளமும் உண்டு. ஈடாகக் கொடுப்பது ஆண்டுகளை. அமெரிக்க விமானப்படையில் பயிற்சி முடித்த நாளிலிருந்து பத்தாண்டு கட்டாயப் பணி. இதைப் பயணிகள் விமானத்துக்கான குறுக்குவழியாக நினைப்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். எந்த விமானம் ஓட்டுவது என்பதைப் படைதான் முடிவு செய்கிறது. போர்ப்பணியில் விருப்பமுள்ளவருக்கு மட்டுமே இது வழி. கட்டணத்துக்கு அஞ்சி இதில் சேருவது சரியான காரணம் ஆகாது.

கற்றுக்கொடுத்து மணி சேர்ப்பது

2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ராணுவத்திலிருந்து வருவோருக்கு 750, விமானவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோருக்கு 1,000 எனச் சலுகை உண்டு. வணிக உரிமத்துக்கும் 1,500-க்கும் இடையிலான மணிகளைக் காசு கொடுத்து வாங்க யாராலும் முடியாது. அதனால் பயிற்றுநர் உரிமம் பெற்று, மற்றவருக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பளத்தோடு மணி சேர்க்கிறார்கள். கடனில் படித்தவருக்கு இது தவணையையும் ஓரளவு தாங்கும். ஐரோப்பிய விதிகளில் 200 மணியோடு ஜெட் விமானத்தின் வலப்பக்க இருக்கைக்கு, அதாவது துணை விமானி பணிக்கு, போக முடியும் என்பதால் அங்கே பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆள் எடுப்பு நின்றுபோன ஆண்டுகளில் பயிற்றுநர் உரிமம் வைத்திருந்தவர் பறந்துகொண்டாவது இருப்பார்.

உதவித்தொகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1929-இல் தொடங்கிய நைன்ட்டி-நைன்ஸ் பெண் விமானிகள் அமைப்பு போன்றவை ஆண்டுதோறும் வழங்குகின்றன. முழுச் செலவையும் தருபவை அரிது. ஒரு கட்டத்துக்கு உதவுபவையே பெரும்பாலும். கட்டம் கட்டமாகப் படிப்பவருக்கே அவை நன்றாகப் பொருந்துகின்றன.

என்னைக் கேட்டால், தனியார் உரிமம் வரை சொந்தச் சேமிப்பில் போய், கருத்தியல் தேர்வுகளை வேலையிலிருந்தபடியே எழுதிவிட்டு, கடைசி வணிக, கருவிவழிக் கட்டங்களுக்கு மட்டும் தவணையாக விடுவிக்கப்படும் கடன் வாங்கச் சொல்வேன். கடன் தொகை குறைவதோடு, வட்டி ஓடும் காலமும் குறைகிறது.

உரிமத்தோடு செலவு நின்றுவிடுவதில்லை என்பதை மட்டும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமான வகைக்குரிய டைப் ரேட்டிங் பயிற்சிக்கும் பணம் வேண்டும். நிறுவனம் அதைக் கட்டி, மூன்று ஆண்டு பணி ஒப்பந்தம் போட்டு, விலகினால் மீதி விகிதத்துக்குத் திருப்பிக் கேட்பது நியாயமான ஏற்பாடு. பணி செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். வேலை உறுதியில்லாமல் டைப் ரேட்டிங் வாங்கி வைத்துக்கொள்வது அப்படியல்ல, பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். இன்னும் மோசம், பயணிகளோடு பறக்கும் மணிகளையே விமானியிடம் விலைக்கு விற்கும் வழக்கம். ஐரோப்பிய விமானிகள் சங்கம் அதை எதிர்த்துப் பேசிவருகிறது. நிறுவனத்துக்கு உழைப்பும் கொடுத்து, அதற்குக் கூலியையும் நாமே கட்டும் அந்த ஏற்பாட்டுக்கு எந்த வட்டியிலும் கடன் வாங்கக் கூடாது.