போலிஸ்: ரிப்ளை பட்டனே இல்லாத கருத்துக்கேட்பு, எங்க தெருவுல யூஸ் பண்ணி பார்த்தோம்

போலீஸ் இல்லைங்க, போலிஸ் (Polis), ஜனங்ககிட்ட கருத்து கேக்குற ஒரு இணைய டூல். ஏரியா சபா, அதாவது வார்டுல ஒரு பகுதி ஜனங்க கூடி பேசுற கூட்டம், அதுக்கு முன்னாடி ஜனங்ககிட்ட கருத்து வாங்க ஏதாவது இருக்கான்னு தேடுறப்ப கிடைச்சது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. நம்ம மாநிலத்துல மாநகராட்சி, நகராட்சி வார்டுகள்ல ஏரியா சபா நடத்தணும்னு 2022லயே விதி வந்தாச்சு, ஆனா போய் உக்காந்தவங்களுக்கு தெரியும், மைக் யார் கையில இருக்கோ அவங்க பிரச்சனைதான் வார்டு பிரச்சனை. வாட்ஸ்அப் குரூப்லயோ கார் பார்க்கிங்னு ஒருத்தர் ஆரம்பிச்சா விடியற வரைக்கும் சண்டைதான்.

இதுல லிங்க்கை தொட்டா ஒரு கருத்து வரும், ஒண்ணு ரெண்டு வரிதான். ஒத்துக்கிறேன், ஒத்துக்கல, இல்லன்னா பாஸ்னு தாண்டிடலாம், அவ்ளோதான். நாமளும் எழுதலாம், அது மத்தவங்ககிட்ட ஓட்டுக்கு போகும். யாருக்கும் பதில் எழுத வழியே கிடையாது, அந்த ஒண்ணுக்காகவே கையெடுத்து கும்பிடலாம். உள்ள இருக்குற மெஷின் லேர்னிங், யார் யாரெல்லாம் ஒரே மாதிரி ஓட்டு போடுறாங்கன்னு பார்த்து கூட்டம் கூட்டமா பிரிச்சு காட்டுது, அதோட எதிரெதிரா நிக்கிற கூட்டங்க சேர்ந்து ஒத்துக்கிட்ட கருத்து எதுன்னு தனியா எடுத்தும் வைக்குது.

எங்க தெருவுல கார் இருக்கறவங்க ஒரு பக்கம் இல்லாதவங்க ஒரு பக்கம்னு பிரிஞ்சது. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டதுல மேல வந்தது என்ன தெரியுமா, "குப்பை வண்டி எட்டு மணிக்கு வருது, நான் ஆறரைக்கே வேலைக்கு கிளம்பிடுறேன், குப்பையை யார்கிட்ட குடுக்கிறது?" வீட்டு வேலைக்கு போற ஒரு அக்கா அவங்க பொண்ணோட ஃபோன்ல போட்டது, பிறகு அவங்களேதான் சொன்னாங்க. கூட்டத்துக்கு வந்தா கடைசி சேர்ல உக்காந்துட்டு ஒரு வார்த்தை பேசாம போறவங்க, பேர் தெரியாதுன்னதும் எழுதிட்டாங்க. இத்தனை வருஷத்துல நாங்க ஒருத்தர்கூட இதை யோசிச்சதில்ல, எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

இது புதுசு ஒண்ணும் இல்ல, தைவான்ல 2015லயே ஊபர் டாக்ஸி ஆப்புக்கு என்ன விதி வைக்கலாம்ங்கிற பிரச்சனைக்கு டாக்ஸிகாரங்க, பயணிகள் எல்லார்கிட்டயும் இதை வச்சுதான் கருத்து கேட்டாங்க. 2025ல அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல பவுலிங் கிரீன்னு ஒரு ஊரு, ஒரு மாசத்துல கிட்டத்தட்ட 8000 பேர் வந்து 10 லட்சத்துக்கு மேல ஓட்டு போட்டிருக்காங்க, அங்க வந்த ஆயிரக்கணக்கான கருத்தை கூகுளோட ஜிக்ஸா டீம் செஞ்ச சென்ஸ்மேக்கர்ங்கிற ஏஐ டூல் தலைப்பு வாரியா பிரிச்சு சுருக்கி குடுத்துச்சு. இந்த சுருக்கத்துல மட்டும் உஷாரா இருக்கணும்ங்கிறது என் கருத்து, ஏஐ எழுதினதை அப்படியே கமிஷனர் டேபிளுக்கு அனுப்பாம பக்கத்துலயே ஜனங்க எழுதின மூல வரியும் ஓட்டு கணக்கும் இருக்கணும், அந்த அக்காவோட வரியை "திடக்கழிவு சேகரிப்பு நேர மேம்பாடு"ன்னு மாத்திட்டா அதுல அந்த ஆறரை மணி காணாம போயிடும்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு ஒரு விஷயம், கருத்து 140 எழுத்துக்குள்ள முடியணும், ஆனா கம்ப்யூட்டர் எழுத்தை சேமிக்கிற யூனிகோட் முறையில கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி கணக்கு. "புள்ளி"ன்னு நாம மூணு எழுத்தா எழுதுறது அங்க ஆறு. அதனால ஒரு கருத்துல ஒரு விஷயம் மட்டும் எழுத சொல்லுங்க, ஓட்டு போடுறவங்களுக்கும் அதுதான் நல்லது.

ஆரம்பத்துல காலியா விட்டா யாரும் எழுத மாட்டாங்க, பத்து பதினைஞ்சு கருத்தை நாமளே போட்டு வைக்கணும், அதுல நமக்கு பிடிக்காத கருத்தும் இருக்கணும். ஃபோன் இல்லாத பெரியவங்க வீட்டுக்கு காலேஜ் பசங்க ரெண்டு பேர் டேப்லெட் எடுத்துட்டு போய் படிச்சு காட்டி ஓட்டு வாங்கினாங்க, இதை செய்யலன்னா பாதி தெரு விட்டுப்போயிருக்கும். முக்கியமா வார்டு கவுன்சிலர்கிட்ட முதல்லயே பேசி, மேல வர்ற அஞ்சு கருத்துக்கு கூட்டத்துல பதில் சொல்றேன்னு வாக்கு வாங்கிட்டு ஆரம்பிங்க, நாங்க முடிச்ச பிறகுதான் போய் கேட்டோம். வண்டி டைம் இன்னும் மாறல, பிரின்ட் எடுத்து மனுவோட சேர்த்து குடுத்திருக்கோம். என் ரேட்டிங் 5க்கு 4.