வீட்டுப் பட்டறைக்கு ஜாக்கி பிரஸ்ஸா, தனி சிலிண்டரா?

கோவை கணபதிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத்தைப் போட்டு மோட்டார் பம்பு வேலை பார்க்கிறவர்களுக்குப் பேரிங்கைச் சுத்தியால் தட்டி ஏற்றுவது ஒரு கட்டத்தில் வெறுத்துவிடும். தட்டுகிற அடி பேரிங் குண்டுகள் வழியாக, அவை ஓடும் வளையமான ரேஸில் தடம் பதிக்கும். புதுப் பேரிங் முதல் நாளே இரைய ஆரம்பிக்கும்.

தட்டாமல், எண்ணெய் அழுத்தத்தால் அழுத்தி ஏற்றுவது ஹைட்ராலிக் பிரஸ். அதைச் சொந்தமாகச் செய்ய வழி மூன்று. வண்டியைத் தூக்கும் பாட்டில் ஜாக்கியை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தலாம். கைப்பம்பையும் சிலிண்டரையும் தனித்தனியாக வாங்கிக் கோக்கலாம். கைப்பம்புக்குப் பதில், மோட்டாரால் ஓடும் பம்பான பவர் பேக்கைப் போடலாம். நான் செய்தது இரண்டாவதை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

நாள் முழுவதும் ஒரே உருப்படியை அழுத்தும் இடத்துக்குப் பவர் பேக் பொருந்தும். நண்பரின் பட்டறையில் அதை இயக்கிப் பார்த்ததோடு சரி. புஷ் என்ற குழல் துண்டு கோணலாக ஏறும்போது கைப்பிடி காட்டுகிற முரண்டு அதில் எனக்குத் தெரியவில்லை.

ஜாக்கி பிரஸ் மலிவானது. ஜாக்கி, ‘ப’ வடிவச் சேனல் இரும்பு, திருப்பி இழுக்க இரண்டு ஸ்பிரிங். வெல்டிங் தெரிந்தவருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பெரும்பாலான பாட்டில் ஜாக்கிகள் தலைகீழாக வேலை செய்வதில்லை. எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். இறங்கும் பீமின் மேல் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். பீம் இறங்க இறங்கக் கைப்பிடியும் கூடவே இறங்கும். அழுத்தம் காட்டும் மீட்டரும் கிடையாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் திருப்பியது, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல். 1795-இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற பிரஸ்ஸிலேயே இந்தத் தலைவலி உண்டு. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி தோலில் செய்துகொடுத்த கிண்ண வாஷர்தான் கசிவை நிறுத்தியது என்பார்கள். ஜாக்கி சீல் அந்தந்தத் தயாரிப்பாளரின் அளவு. தேய்ந்துபோனால் கடை கடையாக அலைந்து, கடைசியில் புது ஜாக்கியே வாங்குகிறவர்கள்தான் அதிகம். 63, 80, 100 மி.மீ. விட்டச் சிலிண்டர்களோ பொது அளவுகள். சீல் கடையில் விட்டத்தையும், சிலிண்டரிலிருந்து நீளும் ராடின் அளவையும் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் புண்ணியத்தில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஹைட்ராலிக் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை.

பழைய சிலிண்டர் வாங்கினால் ராடை முழுவதும் வெளியே இழுத்து, நகத்தை அதன் நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால், குரோம் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். அந்தக் கீறல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் தின்றுவிடும். பிரேக் ஆயிலை ஊற்றுவதும் அதே கதைதான்: சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் ஊறி உப்பிவிடும். ஹைட்ராலிக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். சிலிண்டரில் ராடு பக்கத்து எண்ணெய்த் துளையை அடைக்காமல் டேங்குக்கே திருப்பிவிடுங்கள். அடைத்தால் அங்கே சிக்கிய எண்ணெய் பம்பு கொடுப்பதைவிட அதிக அழுத்தமாகி முன்சீலைப் பிதுக்கும்.

கணக்கு எளிது. 80 மி.மீ. சிலிண்டரின் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ.; 200 பார் அழுத்தத்தில் பத்து டன். மோட்டார் பம்பு பேரிங்குக்கு இதுவே தாராளம். உருப்படியைத் தாங்கும் படுக்கைச் சேனலில் கஞ்சத்தனம் கூடாது. 500 மி.மீ. இடைவெளியில் பத்து டன்னுக்கு 100 மி.மீ. சேனல் இரண்டு என்பது விளிம்பில் நிற்பது. நான் 125 போட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. செலவு ஜாக்கியைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். கைப்பிடியை ஒருமுறை அடித்தால் 10 சி.சி. எண்ணெய் தள்ளும் பம்பு என்றால் ராடு 2 மி.மீ.தான் இறங்கும். ஆகவே படுக்கையை ஏற்றி இறக்கும் துளைகளை நெருக்கமாகப் போட்டு, கட்டை கொடுத்து, இறக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் போகும் ஹோஸ் குழாய் இன்னொரு பொறுப்பு. ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் பாயும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

எப்போதாவது ஒரு பேரிங் மாற்றுகிறவர் ஜாக்கியோடு ஆரம்பிக்கலாம். அப்போதும் மேல் பீமில் சிலிண்டரைப் பூட்டும் விளிம்பான ஃபிளாஞ்சுக்கான துளைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். சட்டத்தை வெல்டிங் செய்து நிறுத்திய பிறகு, அத்தனை உயரத்தில் கை டிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுகமான வேலை அல்ல.