லண்டன் கசெற் இணையத் தேடல்: காசில்லை, ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள்

உலகப் போர்களில் வீரப்பதக்கம் பெற்ற இலங்கையரைத் தேடுகிறவர்களுக்கு, கொழும்பில் இருந்தபடியே கிடைக்கும் மிக நல்ல சேவை லண்டன் கசெற் இணையத்தளம்தான். 1665இல் தொடங்கிய பிரித்தானிய அரச வர்த்தமானியின் பழைய இதழ்களை ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள். பார்க்கவும் பிடிஎப் இறக்கவும் காசு இல்லை.

குறை தேடல் பெட்டியில் இருக்கிறது. ஸ்கான் செய்த பக்கத்தைக் கணினி வாசித்து எடுத்த எழுத்துகளில்தான் அது தேடும். பொடி அச்சு, தேய்ந்த எழுத்து, வரி முடிவில் இரண்டாக வெட்டப்பட்ட பெயர் எல்லாம் அதைக் குழப்பும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஆள் அகப்படமாட்டார். ஆகவே குடும்பப் பெயரை மட்டும் போட்டு, காலத்தை ஒரு மாதத்துக்குள் சுருக்குங்கள். அதற்கும் வராவிட்டால் பெயரை விட்டுவிட்டு, அந்த மாதத்து அனுபந்தங்களை (இதழோடு சேர்த்து வெளியிட்ட தனி இணைப்புகளை) பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. அலுப்பான வேலைதான், ஆனால் பலிக்கும்.

'சிலோன்' என்று தேடுவது இன்னொரு பொறி. 1914இல் எகிப்துக்குப் போன இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் பலர், பின்னர் பிரித்தானிய ரெஜிமென்டுகளில் அதிகாரிகளானார்கள். கொழும்பில் பிறந்த பசில் ஹோர்ஸ்போலுக்கு 1918 மார்ச் சண்டைக்காக பிரித்தானியாவின் அதியுயர் வீரப்பதக்கமான விக்டோரியா குறோஸ் கிடைத்தது ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமென்டின் இரண்டாம் லெப்டினனாக. ரெஜிமென்டின் பெயரையும் முழுதாக அச்சிடமாட்டார்கள். சுருக்க வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிடைத்த பக்கத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 'இப்படி வாசிக்கவும்' என்ற திருத்தம் பின்னொரு இதழில் வந்திருக்கலாம். முதலாம் உலகப் போரில் சில பதக்கங்களுக்குப் பெயர்ப் பட்டியல் முதலிலும், என்ன செய்தார் என்ற குறிப்பு மாதங்கள் கழித்தும் வந்தன. 1916இல் உருவான மிலிட்டரி மெடலுக்குப் பெரும்பாலும் பெயரும் இலக்கமும் படைப்பிரிவும் மட்டுமே. இரண்டாம் உலகப் போருக்கான பரிந்துரைப் பத்திரங்கள் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 373 என்ற தொகுதியில் உள்ளன. முதலாம் போர்ச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், பலருக்கு கசெற்றில் வந்த ஒற்றை வரியே பெரிய சான்று.

பரம வீர விபூஷணய போன்ற நம் நாட்டு விருதுகளை இங்கே தேடிப் பயனில்லை. அவற்றுக்கு இலங்கை வர்த்தமானியைப் பார்க்க வேண்டும்.

சேமிக்கும்போது ஸ்கிறீன்ஷொட்டோடு நிறுத்தாதீர்கள். இதழ் எண், பக்க எண், திகதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அனுபந்தத்தில் இரண்டு திகதிகள் இருக்கும்: ஒன்று அது எந்த இதழோடு சேர்ந்ததோ அந்த இதழின் திகதி, மற்றது அது வெளியான திகதி. இரண்டையும் குறியுங்கள். இணைய முகவரி மாறினாலும் இதழ் எண் மாறாது.

வீட்டில் பழைய பத்திரிகை நறுக்கு இருந்தால் தயவுசெய்து லமினேட் பண்ணாதீர்கள். காகிதத்திலுள்ள அமிலம் உள்ளேயே நின்று பழுப்பாக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. பிவிசி உறையும் வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் மை அதில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறையில் போட்டு, வெளிச்சுவரில் படாத அலுமாரியில் வையுங்கள்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று தேடல் பெட்டிக்கு.