உறக்கக் குளிகையா, உறக்க ஒழுங்கா? அறுபதைக் கடந்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் வாழ்நாளெல்லாம் விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போனவர், எழுபது வயதில் இரவு எட்டு மணிக்கே கண்ணயர்ந்து இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறார் என்றால், அவர் ஆறு மணி நேரம் உறங்கி முடித்திருக்கிறார் என்றுதான் பொருள். வயது ஏற ஏற உடலின் கடிகாரம் முன்னுக்கு நகர்வது இயல்பு. இவருக்குத் தேவை மாலை வெளிச்சத்தில் ஒரு நடையும், பத்து மணி வரை விழித்திருப்பதும்தான். மாறாக, பகலெல்லாம் தளர்ந்துபோகும் அளவுக்கு, வாரத்தில் பல இரவுகள், மாதக்கணக்கில் உறக்கம் கெடுபவருக்கே கீழ்க்காணும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் தேவை எழுகிறது.

முதலில், மிகப் பழக்கமான வழியாகிய அல்பிரசோலம், குளோனசிபாம், டயஸிபாம் வகைக் குளிகைகளை எடுத்துக்கொள்வோம். இவை அன்றிரவே வேலை செய்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் எவ்வளவு? அறுபது வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான அலசலின்படி, உறக்க மருந்துகளால் கூடிய உறக்கம் சராசரியாக இரவுக்கு 25 நிமிடம். 13 பேர் உட்கொண்டால் ஒருவருக்கு உறக்கத்தின் தரம் மேம்பட்டது. 6 பேர் உட்கொண்டால் ஒருவருக்குப் பக்கவிளைவு வந்தது. டயஸிபாமின் அளவு உடலில் பாதியாகக் குறைய இருபது வயதில் ஏறத்தாழ 20 மணி நேரமாகுமென்றால், எண்பது வயதில் மூன்று நாட்களுக்கு மேல் ஆகலாம். நேற்றைய குளிகை தீருமுன் இன்றைய குளிகை வந்து சேர்கிறது. நம் மாவட்டத்தின் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் கழிப்பறை முற்றத்துக்கு அப்பால் இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்வதால் ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கல்படி பாசிபிடித்துக் கிடக்கிறது. நள்ளிரவில் குளிகை மயக்கத்தோடு அந்தப் படியில் இறங்குபவரின் இடுப்பெலும்பை அந்த 25 நிமிடத்தோடு எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சொல்பிடெம் என்னும் வேறு வகை உறக்கக் குளிகை இவற்றைவிடச் சீக்கிரம் உடலிலிருந்து வெளியேறும் என்பதால் மறுநாள் மந்தம் குறைவு. ஆயினும் விழுதல், குழப்பம், உறக்கத்திலேயே எழுந்து நடத்தல் ஆகிய ஆபத்துகள் இதிலும் உண்டு. முதியவருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகத் தருவதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் இவ்விரு வகைகளையுமே 65 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தவிர்க்கச் சொல்கிறது. நம் நாட்டில் அல்பிரசோலம், டயஸிபாம், சொல்பிடெம் ஆகியவை எச்-1 அட்டவணையில் உள்ளன. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். "மக்களே, பழைய சீட்டுதான், பத்துக் குளிகை தா" என்று கேட்பவருக்கு இந்த விதி எரிச்சலூட்டலாம். எனக்கோ இது மிகையான கெடுபிடியாகத் தோன்றவில்லை.

சீட்டில்லாமல் கிடைப்பதாலேயே சளிக்குரிய அவில் போன்ற பழைய ஒவ்வாமைக் குளிகைகளைப் பாதுகாப்பானவை என்று எண்ணுவோர் உண்டு. இந்த வரிசையில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத வழி இதுதான்: வாய் வறளும், மலம் கட்டும், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், நினைவும் தடுமாறும். உடலே இரவில் சுரக்கும் ஹார்மோனாகிய மெலடோனின் ஆபத்து குறைந்தது, பலனும் சிறியது. மெதுவாகக் கரையும் 2 மில்லிகிராம் குளிகை ஐரோப்பாவில் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. மேலே சொன்ன ரப்பர் தொழிலாளிக்கு இதை மாலையில் கொடுத்தால் கடிகாரம் இன்னும் முன்னுக்கு ஓடும். நம் மலைத்தோட்டத்து ஜாதிக்காயைப் பாலில் ஒரு சிட்டிகை சேர்ப்பதில் பிழையில்லை, கூடினால் நஞ்சு. அமுக்கரா சூரணம் உண்பவர் கல்லீரல், தைராய்டு குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றுக்கு எதிரே நிற்பது உறக்க ஒழுங்குப் பயிற்சி. நீடித்த உறக்கமின்மைக்கு முதலில் இதையே தர வேண்டுமென்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. உண்மையில் உறங்கும் மணிநேரத்துக்கு ஏற்பப் படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குதல், இருபது நிமிடம்போல உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்தல், எத்தனை மணிக்கு உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழுதல் ஆகியவை இதன் உள்ளடக்கம். முதல் ஓரிரு வாரம் உறக்கம் முன்னைவிடக் குறையும் என்பதே இதன் பெரிய குறை, பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. அந்த முதல் வாரங்களைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் பலன், குளிகையைப் போலன்றி, பயிற்சி முடிந்த பின்னும் நீடிக்கிறது. சவுதியில் இருக்கும் மகன் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு அழைத்தால் இங்கே பதினொன்றரை ஆகியிருக்கும். அந்த அழைப்பை விடுமுறை நாளுக்கு மாற்றச் சொல்வதும் இந்தப் பயிற்சியில் அடங்கும்.

ஆனால் இவ்விரண்டுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியதும், பெரும்பாலும் மறக்கப்படுவதும், ஏற்கெனவே உண்ணும் பிற குளிகைகளின் நேரத்தைப் பார்ப்பதுதான். கால் வீக்கத்துக்கான நீர்பிரி குளிகையை இரவில் போட்டவர் மூன்று முறை எழாமல் என்ன செய்வார்? ஸ்டீராய்டை மாலையில் உண்பவரும், மூச்சிரைப்புக்கு டெரிபிலின் உண்பவரும் விழித்துக் கிடப்பதற்கு அந்த மருந்துகளே காரணமாக இருக்கலாம். பலமாகக் குறட்டைவிட்டு இடையே மூச்சு நின்று திணறுபவருக்கு உறக்கக் குளிகை நோயை மோசமாக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ உள்ளூர் மருத்துவரிடமோ போகும்போது, கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியில் வாங்கிய கஷாயம் உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

பல ஆண்டுகளாகக் குளிகை உண்பவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. திடீர் நிறுத்தம் பதற்றத்தையும், சிலருக்கு வலிப்பையும் கொண்டுவரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு வீதம், கடைசியில் இன்னும் மெதுவாக, மருத்துவரின் கண்காணிப்பில் குறைப்பதே வழக்கம். கனடாவின் கியூபெக்கில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், குறைக்கும் முறையை விளக்கும் சிறு கையேட்டைப் பெற்ற முதியவர்களில் 27 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் குளிகையை அறவே விட்டிருந்தனர். கையேடு பெறாதவர்களில் 5 விழுக்காட்டினரே விட்டிருந்தனர்.