அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால்

ரெண்டு வருஷத்தில் அம்மாவுக்கு நாலு கண்ணாடி. வலது கண் மங்குது என்று போகும்போதெல்லாம் பலகையைப் படிக்கவைத்து, பவர் ஏறிடுச்சு என்று ஒரு சீட்டு. பர்மிங்காமிலிருந்து தினமும் வீடியோவில் பேசிய எனக்கும் பிடிபடவில்லை. இந்த மே மாதம் காவேரிப்பட்டணத்தில் வீட்டு வாசலில் இறங்கியதுமே கண்ணில் பட்டது: வலது கண் முன்னால் தள்ளி நிற்கிறது. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லையாம்.

தர்மபுரியில் ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரி. டோக்கன் 63. இங்கேயும் அதே பலகைதானே என்று எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அந்த இளம் டாக்டரம்மா எழுந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். "கொஞ்சம் அண்ணாந்துக்கங்கம்மா" என்று தலையைத் தன் பக்கம் சாய்த்து, நெற்றிக்கு மேலிருந்து குனிந்து பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் இடது கண் புருவத்துக்குள் அடங்கியிருக்கிறது, வலது கண் புருவத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. பிறகு கண்ணோர எலும்பில் ஒரு கருவியை வைத்து அளந்தார். இடது 16 மில்லிமீட்டர், வலது 21. வித்தியாசம் 2-ஐத் தாண்டினாலே விடக்கூடாதாம்.

அம்மா மஞ்சப்பையில் வைத்திருந்த நாலு சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்தார். வலது கண்ணுக்கு மட்டும் பிளஸ் பவர் ஏறிக்கொண்டே போயிருந்தது. கண்குழிக்குள் கட்டி வளர்ந்து கண்ணைப் பின்னாலிருந்து அழுத்தித் தட்டையாக்கினால் இப்படித்தான் ஏறும் என்றார். அத்தனையும் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது!

பெரியவர்களுக்குக் கண் பிதுங்க தைராய்டுதான் முக்கியக் காரணமாம். அதைப் பார்த்ததில் ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. மறுநாளே எடுத்தாச்சு. பர்மிங்காமில் என் முட்டிக்கு நாலு மாதம் காத்திருந்தவள் நான்.

ஆபரேஷன் பெங்களூரில். கண்ணுக்கு வெளிப்பக்கத்து எலும்பில் ஒரு துண்டை அறுத்தெடுத்து வழி பண்ணி, உறையவைக்கும் கம்பியில் கட்டியை ஒட்டவைத்து மெதுவாக உருவி, எலும்பை மறுபடி பொருத்தினார்கள். ரத்தக்குழாய்க் கட்டி, புற்று இல்லை என்று பயாப்சியில் வந்த அன்றைக்குத்தான் அம்மா ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

கண் உள்ளே போய்விட்டது. பார்வை நரம்பு ரொம்ப நாள் அழுந்திக் கிடந்ததால் பார்வை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அந்த நாலு தடவையில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றிருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை. தர்மபுரி டாக்டரம்மாவுக்கு ஒரு கூடை செந்தூரா கொண்டுபோனேன். ரெண்டு பழம் மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மா எப்படி இருக்காங்க என்றார்.