"முழுக்கக் கோழிதான்" என்றால் நம்பிவிடாதீர்கள்

வட கரோலினா பக்கம் இருக்கும் நம்மவர்கள், வீட்டில் யாருக்காவது ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை (உண்ணி கடித்தபின் மாடு, பன்றி, ஆடு போன்றவற்றின் கறி ஆகாமல் போவது) இருந்தால், இதைக் கட்டாயம் படியுங்கள்.

என் கணவருக்கு லோன் ஸ்டார் உண்ணி கடித்ததில் இது வந்தது. மாடு, பன்றி, ஆடு எதுவும் ஆகாது. அவற்றின் கொழுப்பும் ஜெலட்டினும்கூட ஆகாது. கோழி, மீன், முட்டை பிரச்சினையில்லை. ராலேயில் ஓர் உணவகத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் கோழி சாசேஜ் கேட்டோம். பரிமாறியவர் சமையலறையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முழுக்கக் கோழிதான், தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்றார்.

நள்ளிரவு தாண்டி, உள்ளங்கை அரிக்கிறது என்று எழுந்தார். கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் தடிப்பு, வாந்தி, அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எபிபென் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) போட்டுவிட்டு 911-ஐ அழைத்தேன். பிழைத்தார்.

மறுநாள் அந்த உணவகத்துக்குப் போனேன். "இங்கே நன்றாகத்தானே சாப்பிட்டுவிட்டுப் போனார்?" என்றார் மேலாளர். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். விடாமல் கேட்ட பிறகு சாசேஜ் வந்த பெட்டியை எடுத்து வந்தார். கோழி என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில், பன்றிக்குடல் உறையில் அடைத்தது என்று இருந்தது. உறை வேறு விலங்குடையது என்றால் பொட்டலத்தில் போட வேண்டும் என்பது அமெரிக்க விதி. போட்டிருந்தார்கள், சமையலறையில் ஒருவரும் படிக்கவில்லை. "உள்ளே கோழிதானே மேடம், மேல்தோல்தானே" என்றார். அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அலர்ஜி பட்டியலைக் காட்டினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சட்டப்படி அறிவிக்க வேண்டிய 9 பொருள்களில் பால் உண்டு, 2023 முதல் எள்ளும் உண்டு, கறி கிடையாது. ஹலால் முத்திரையும் போதாது, மாட்டு ஜெலட்டின் ஹலாலாக இருக்கலாம். பெட்டியைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். எதில் பொரிக்கிறார்கள், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா, பர்கர் சுட்ட கல்லிலேயே கோழியையும் சுடுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நம் வீட்டு விருந்துகளிலும் "ஆட்டுக்கறிதானே, ஒன்றும் செய்யாது" என்பார்கள். செய்யும்.

வெளியே சாப்பிட்ட இரவு எபிபென் தலைமாட்டில் இருக்கட்டும். தனியாகப் படுக்க விடாதீர்கள்.