பெரம்பூரில் ஆறாம் வகுப்பு: மாநகராட்சியா, உதவி பெறும் பள்ளியா, மெட்ரிக்கா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் ‘100% தேர்ச்சி’ பேனர்கள் ஏறிவிடும். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பலர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? கணக்கில் தடுமாறும் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, “டி.சி. வாங்கிக்கோங்க, வேற ஸ்கூல்ல போட்டா நல்லா வருவான்” என்று சொல்கிற வழக்கம் சில தனியார் பள்ளிகளில் உண்டு. அவன் பெரும்பாலும் வந்து சேருமிடம் மாநகராட்சிப் பள்ளி. தேறாவிட்டால் சதவீதம் குறைவதும் அங்கேதான்.

மாநகராட்சிப் பள்ளியில் யார் படிக்கிறார்கள்? வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், சுமை தூக்குபவர்களின் பிள்ளைகள். பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும்தான். சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் உருது. குடிசையை அகற்றி, தெற்கே தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டால் பிள்ளையின் பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் மிஞ்சும். இத்தனைக்கும் நடுவே ஒரு பள்ளி 85% காட்டினால், வடிகட்டி எடுத்த நூற்றைவிட அதைத்தான் நான் மதிப்பேன்.

இன்னொரு விஷயம், ஆறாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டியது. மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-இலும் வந்த 7.5% ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிக்கு அது உண்டு. உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. “பதினொன்றாம் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம்” என்று இருந்தால் போச்சு. (கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு.)

உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது. அடிக்கடி இடமாற்றம் இல்லாததால் அப்பாவுக்குக் கணக்கு எடுத்தவரே மகனுக்கும் எடுப்பார். அது பெரிய பலம். ஆனால் ஆங்கில வழி பல இடங்களில் சுயநிதிப் பிரிவு, கட்டணம் உண்டு. பள்ளி முடித்து மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இங்கே தமிழ் வழிக்கு மட்டும்தான்.

மெட்ரிக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சமச்சீர் வந்த பிறகு பாடத்திட்டம் ஒன்றுதான், பத்தாம் வகுப்பு வினாத்தாளும் ஒன்றுதான். காசு ஆங்கிலப் பேச்சுக்கும், வேனுக்கும், கண்டிப்புக்கும்.

வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர யாராவது இருந்தால் என் ஓட்டு மாநகராட்சிக்கு. இல்லையென்றால் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி. எதுவானாலும் சேர்க்கைக்கு முன்னால் கணக்கு, அறிவியல் ஆசிரியர் இடம் காலியா என்று தலைமையாசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.